பெட்டியும் வண்டியும்: கோடை விடுமுறை நூல்நிலையத்தின் கதை

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நம் சங்கத்து நூல் அலமாரியை இளைஞர்க்கெனத் திறந்துவைத்த செய்தியை அன்பர்கள் அறிவார்கள். 13 வயது முதல் 18 வயது வரையுள்ள நம் குடியிருப்புப் பிள்ளைகள் அந்த ஐந்து வாரங்களில் தமிழ் நூல்கள் சிலவற்றையேனும் படிக்க வேண்டும் என்பது நோக்கம். செயற்குழுவினர் கூடி, நூறு நூல்களின் பெயர் அடங்கிய பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அச்சிட்டு, வீடுதோறும் வழங்கினோம். முதல் ஞாயிறன்று 22 பிள்ளைகள் வந்தனர். இரண்டாம் ஞாயிறன்று 9 பேர் வந்தனர். மூன்றாம் ஞாயிறன்று அலமாரியின் சாவியை வைத்துக்கொண்டு யானும், என்னைச் சாப்பிட அழைத்துப்போக வந்த என் மகளுமே இருந்தோம்.

‘இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி ஒன்று போதும், நூல் எதற்கு?’ என்று அன்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். யானும் அவ்வாறே சொல்லியிருப்பேன். ஆயினும், திரும்பி வந்த நூல்களை அடுக்கும்போது அவற்றைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்திற்கு அடையாளமாக வைத்த சீட்டுகளை எடுக்கப் பிள்ளைகள் மறந்திருந்தனர். ஒரு நூலில் 7-ஆம் பக்கம். இன்னொன்றில் 11-ஆம் பக்கம். மற்றொன்றில் 4-ஆம் பக்கம். ஆகவே, அவர்கள் படிக்க முயலவில்லை என்று சொல்வதற்கில்லை. முயன்று, ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். அந்த ஏழாம் பக்கத்தில் என்ன இடர் என்பதை ஆராய்வது நம் கடமை என்று எனக்குப் பட்டது.

யான் கற்றறிந்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வேயில் எழுத்தர் வேலையில் அமர்ந்தவன். பார்சல் அலுவலகத்தில் எண்களோடு பொழுது போகிறது. ஆயினும் இந்தப் பரோடா நகரில் வாழும் ஒருவன் நூல்நிலையங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொலைவு போகவேண்டுவதில்லை. இந்தியாவில் நூல்நிலைய இயக்கம் முறையாக வேர்கொண்ட இடம் இதுவே. ஓய்வு நாட்களில் மாண்டவிப் பக்கத்திலுள்ள மத்திய நூல்நிலையத்திற்குச் செல்வது என் வழக்கம். அங்கே இரும்பு அடுக்குகளுக்கு இடையே கண்ணாடிப் பாளங்களாலான தளத்தில் நடக்கும்போது கீழ்த்தட்டின் வெளிச்சம் காலடியில் தெரியும். அந்நிலையம் எழுந்த கதையைத் தேடிப் படித்தபோது, நம் ஏழாம் பக்கத்துச் சிக்கலுக்கும் அக்கதைக்கும் தொடர்பிருப்பதைக் கண்டேன். அதையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1875-ஆம் ஆண்டில், பரோடா மன்னர் மல்ஹார்ராவ் கெயிக்வாட் அரசுரிமை இழந்தபின், அரசபீடத்திற்கு உரியவரைத் தேட வேண்டியதாயிற்று. முன்னைய மன்னர் கண்டேராவின் மனைவியார் ஜம்னாபாய், கெயிக்வாட் மரபின் கிளைக் குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். அவன் பெயர் கோபால்ராவ். நாசிக் மாவட்டத்துக் கவ்லாணா என்னும் சிற்றூரில், உழவுத் தொழில் செய்த வீட்டில் வளர்ந்தவன். அப்போது அவனுக்கு வயது 12. எழுத்தறிவு இல்லை. ஆடுமாடுகளையும் வயல்களையும் அறிந்த அப்பிள்ளைக்கு மூன்றாம் சயாஜிராவ் என்னும் பட்டப்பெயர் சூட்டி, அரண்மனையில் அமர்த்தினார்கள்.

இதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 12 வயதுப் பிள்ளைக்கு உலக அறிவு 12 வயதுக்குரியதாய் இருக்கும். எழுத்தறிவோ மூன்று வயதுக் குழந்தைக்குரியது. அவனுக்கு அரிச்சுவடி வேண்டும். அரிச்சுவடியில் வரும் சங்கதிகளோ அவன் மனத்திற்குப் பசியாற்றமாட்டா. அது மட்டுமோ? மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளையும் அவன் ஒருசேரப் பயில வேண்டியிருந்தது. எலியட் என்னும் ஆங்கிலேயர் ஆசிரியராய் அமர்ந்தார். இளவரசன் இப்படிப் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் சமஸ்தானத்தின் நிருவாகத்தைத் திவானாக இருந்து நடத்தியவர் நம் கும்பகோணத்தில் 1828-இல் பிறந்தவர். அவரே ராஜா சர் டி. மாதவராவ். தஞ்சை மராத்தியர் மரபினர், சென்னையில் படித்தவர், திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக விளங்கியபின் பரோடாவுக்கு வந்தவர். இவ்வூரில் மாலையில் நாம் குழந்தைகளோடு உலாவும் சயாஜி பாகு என்னும் பூங்காவனம் அவர் திவானாயிருந்த காலத்தில், 1879-இல், உண்டானது.

இளவரசனுக்கு 18 வயது நிரம்பி, ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் ஆண்டாகிய 1881-இல், மாதவராவ் அவனுக்கென்றே தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை பின்னர் ‘மைனர் ஹிண்ட்ஸ்’ என்னும் பெயரில் நூலாயின. அரசன் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அதிகாரிகளை எப்படி நடத்த வேண்டும், குடிகளின் நலத்தை எப்படிக் கருத வேண்டும் என்பன போன்ற செய்திகள் அவற்றில் வருகின்றன. பெரிய பெரிய அரசியல் நூல்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ‘இவற்றைப் படித்துவிட்டு வா’ என்று அப்பெரியவர் சொல்லியிருக்கலாம். அவ்வளவு படித்தவர்தாம். அப்படிச் செய்யாமல், எதிரே இருக்கும் 18 வயது இளைஞனுக்கு எவ்வளவு தெரியும், நாளைக் காலை அவனுக்கு எது தேவைப்படும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குத் தாமே சமைத்துக் கொடுத்தார். பட்டியல் போட்ட நம்மையும் அவரையும் ஒப்பிட்டுப் பார்த்து யான் சிறிது நாணினேன்.

12 வயதில் எழுத்தைத் தொட்ட அந்தப் பிள்ளையே பிற்காலத்தில், 1893-இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகக் கொண்டுவந்தார். 1906-இல் சமஸ்தானம் முழுவதற்கும் அதை விரிவாக்கினார். ஆனால் விரைவிலேயே ஓர் ஓட்டை தெரிந்தது. நான்கைந்து ஆண்டுகள் பள்ளியில் படித்த உழவர் வீட்டுப் பிள்ளை, பள்ளியை விட்டு ஏர் பிடித்தபின், படிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமையால் கற்ற எழுத்தையும் மறந்துவிட்டான். அரசாங்கம் செலவழித்த பணம் நீரில் கரைத்த உப்பாயிற்று. மகாராஜா நூல்நிலையங்களின்பால் கருத்தைச் செலுத்தியதற்கு இதுவே முக்கியமான காரணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1906-இல் பயணம் செய்தபோது, அங்கே ஏழை எளியவர்களும் காசு கொடாமல் நூல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்வதை அவர் கண்டார். 1910-இல் நியூ ஹேவன் நகரத்து நூல்நிலையத் தலைவராயிருந்த வில்லியம் ஆலன்சன் போர்டன் என்பவரைப் பரோடாவுக்கு வரவழைத்தார்.

போர்டன் இங்கே இருந்தது மூன்று ஆண்டுகளே. அரண்மனை நூல்களை முதலாகக் கொண்டு மத்திய நூல்நிலையம் அமைந்தது. 1911-இல் நூல்நிலைய ஊழியர்க்கென ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இந்தியாவில் இத்தகைய முறையான வகுப்புக்கு அதுவே முதல் என்பர். பெண்களுக்குத் தனிப் பகுதியும், குழந்தைகளுக்குத் தனி அறையும் ஏற்பட்டன. குழந்தைகள் அறையில் படங்கள் நிறைந்த நூல்களோடு விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. நூல்நிலையம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடம் என்று நம்பியிருந்த அக்காலத்தில் இது பெரும் புதுமை.

ஆயினும், பார்சல் எழுத்தனாகிய என் மனத்தைக் கவர்ந்தது மற்றொன்று. அதுவே பயண நூல்நிலையம். ஒரு மரப்பெட்டி, அதில் இருபது முப்பது நூல்கள், அந்தப் பெட்டி தலைநகரிலிருந்து ஒரு சிற்றூருக்குச் செல்லும். அங்கே படித்து முடித்தபின் திரும்பி வரும். வேறொரு பெட்டி போகும். போவதற்கும் வருவதற்கும் உள்ள கூலியை நூல்நிலையத் துறையே ஏற்றுக்கொண்டது. படிப்பவன் ஓர் அணாவும் கொடுக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் பழக் கூடைகளுக்கும், துணிக் கட்டுகளுக்கும், பிரித்து அனுப்பும் இயந்திரங்களுக்கும் நிறை பார்த்துச் சீட்டு எழுதும் எனக்கு, எடைப் பலகையில் ஒரு நூற்பெட்டி வந்து அமர்வதை எண்ணினால் ஏதோ இன்பமாக இருக்கிறது. இன்றுவரை என் கையில் அப்படி ஒரு பெட்டி வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசன் ஆணையிட்டதனால் மட்டும் இவ்வியக்கம் பரவிவிடவில்லை. மோதிபாய் அமீன் என்னும் பள்ளியாசிரியர் ஒருவர் இருந்தார். 1873-இல் பிறந்தவர். சரோதர் பகுதியிலுள்ள வசோ என்னும் ஊரைச் சேர்ந்தவர். போர்டன் வருவதற்கு முன்பே, ஊர்தோறும் நண்பர் சிலரைச் சேர்த்து, ஆளுக்குச் சிறிது பணம் போட்டு, செய்தித்தாள்களும் நூல்களும் வரவழைத்துப் படிக்கும் ‘மித்ர மண்டல்’ நிலையங்களை அவர் தோற்றுவித்து வந்தார். பின்னர் அவரைச் சமஸ்தானத்து நூல்நிலையத் துறையே தன்பால் அழைத்துக்கொண்டது. ஊர் மக்கள் ஒரு பங்கு திரட்டினால், பிராந்தியப் பஞ்சாயத்து ஒரு பங்கும் அரசாங்கம் ஒரு பங்கும் தரும் என்னும் ஏற்பாடு வந்தது. ஊரார் தம் கைப்பணத்தையும் போட்டதனால் அது அவர்கள் நூல்நிலையமாயிற்று. மகாராஜாவும் மோதிபாயும் 1939-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அதற்குள் பரோடா சமஸ்தானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் நூல்நிலையம் இருந்தது.

நூல்களை ஆள் இருக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்லும் எண்ணம் நம் தஞ்சைத் தரணியிலும் முளைத்தது. சீகாழியில் 1892-இல் பிறந்த சி. இரா. அரங்கநாதன் அவர்கள் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத் தலைவராக இருந்தபோது, 1928-இல் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றியது. அதன் செயலராக அவர் உழைத்தார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாடுகள் இழுக்கும் நூல்வண்டி ஒன்று புறப்பட்டது. அவ்வண்டியை அமைத்தவர் பொறியாளர் கனகசபைப் பிள்ளை. அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே 1931-ஆம் ஆண்டுதான். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்னும் கருத்து அவற்றுள் வருகிறது. காகிதத்தில் ஐந்து விதிகள் ஒரு பக்கம், சேற்று வழியில் இரண்டு மாடுகள் மற்றொரு பக்கம். (மாடு என்றதும் ரயில்வேக்காரர் ஒன்றை நினைவுகூரலாம். நம் பரோடாவுக்கு அருகிலுள்ள டபோயிலிருந்து மியாகாமுக்கு 1862-இல் போட்ட குறுகிய இருப்புப்பாதையில் முதலில் வண்டிகளை இழுத்தவை மாடுகளே. நீராவி பின்னர்தான் வந்தது. புதிய ஏற்பாடு எதுவாயினும் நம் நாட்டில் முதலில் மாடுதான் தோள் கொடுத்திருக்கிறது!)

இதுகாறும் சொன்னவற்றில் குழந்தைகளுக்கு ஓர் அறை உண்டு; பெரியவர்களுக்குப் பெட்டியும் வண்டியும் உண்டு. நடுவிலுள்ள விடலைப் பிள்ளைகளுக்கு? குழந்தைகள் அறையின் நாற்காலி அவர்களுக்குச் சிறிதாகிவிட்டது. பெரியவர் கூடத்தின் பலகையோ எட்டவில்லை. இந்தக் குறை பரோடாவுக்கு மட்டும் உரியதன்று. போர்டன் எந்த நாட்டிலிருந்து வந்தாரோ அந்த அமெரிக்காவிலும், அவர் இங்கிருந்த காலத்தில், இது தீர்ந்தபாடில்லை. 1919-இல்தான் நியூயார்க் பொது நூல்நிலையத்தில் மேபெல் வில்லியம்ஸ் என்னும் அம்மையார் பள்ளிகளோடு தொடர்புகொண்டு இவ்வயதினருக்கென்று பணியாற்றும் பொறுப்பை ஏற்றார். 1929-இல் அந்நிலையம் இளைஞர்க்கான நூற்பட்டியலை வெளியிடத் தொடங்கியது. அவர் வழியில் வந்த மார்கரெட் ஸ்காகின் என்னும் அம்மையார், 1941-இல், குழந்தைகளுக்கும் இளைஞர்க்கும் மட்டுமேயான ஒரு கிளை நூல்நிலையத்தை அதே நகரில் நடத்தினார். படித்த நூல்களைப் பற்றி இளைஞர்களே வானொலியில் பேசுவதற்கும் பிற்காலத்தில் வழி செய்தார். நூல் நன்றாயில்லை என்றால், நன்றாயில்லை என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருந்தது.

ஆனால் யான் விரிவாகச் சொல்ல விரும்புவது பால்டிமோர் நகரத்தில் நடந்ததை. அங்கே ஈனாக் பிராட் நூல்நிலையத்தில் 1932-இல் வேலைக்குச் சேர்ந்தவர் மார்கரெட் எட்வர்ட்ஸ். அதற்கு முன் பள்ளியில் லத்தீன் மொழி கற்பித்தவர். பெரிய நூல்நிலையத்தின் ஒரு மூலையில் இளைஞர்க்கென்று சில நூல்களை வைத்து, அந்த மூலையைக் கவனிக்கும் வேலை அவருக்கு வந்தது. முப்பது ஆண்டுகள், அதாவது 1962 வரை, அவர் அதை விடவில்லை. தம்மிடம் வேலை பழக வந்த ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். இளைஞர்க்கு நூலை எடுத்துக் கொடுக்கும் தகுதி பெறுவதற்கு 300 நூல்களை முதலில் தாம் படிக்க வேண்டும். படித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது. பத்துப் பத்தாகப் படித்து, அவரிடம் வந்து, ஒவ்வொன்றையும் எந்தப் பிள்ளைக்கு, எதற்காகக் கொடுப்பாய் என்னும் வினாவுக்கு விடை சொல்ல வேண்டும். உயர்ந்த நூல்களை மட்டும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. காதற் கதையை விரும்பும் பெண்ணுக்குக் காதற் கதை. பந்தயக் கார்க் கதையை விரும்பும் பையனுக்குக் கார்க் கதை. அதைப் படித்து முடித்து அவன் மறுமுறை வந்து நிற்கும்போது, அடுத்த படியைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அடுத்த படியை அறிவதற்காகத்தான் அந்த 300.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் அமெரிக்காவின் கீழைக் கரையில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. எட்வர்ட்ஸ் அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? குதிரை பூட்டிய வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, அதில் நூல்களை அடுக்கி, 1942 முதல் 1944 வரை மூன்று கோடைகளிலும், நூல்நிலையத்தின் வாசற்படியை மிதித்தறியாத ஏழை மக்கள் வாழும் தெருக்களுக்கு ஓட்டிச் சென்றார். மன்னார்குடியில் மாட்டு வண்டி புறப்பட்டுப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் பால்டிமோரில் குதிரை வண்டி! ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார் என்று யான் சொல்லவில்லை. தேவை ஒன்றாயிருக்கும்போது கைக்குக் கிடைக்கும் விலங்கு ஒன்று வந்து நின்றுவிடுகிறது. அவர் தம் அனுபவங்களை 1969-இல் நூலாக எழுதினார். 1998 முதல் அவர் நினைவாக அமெரிக்காவில் ‘அலெக்ஸ்’ என்னும் விருது வழங்குகிறார்கள். பெரியவர்களுக்கென்று எழுதிய நூல்களுள், 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களும் விரும்பக்கூடிய பத்தை ஆண்டுதோறும் அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். பெரியவர் கூடத்திலிருந்து பத்து நூல்களை எட்டும் உயரத்திற்கு இறக்கிவைப்பது போன்றதே அது.

இவற்றையெல்லாம் படித்தபோது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. என் தந்தையாரும் ரயில்வே ஊழியரே. எனக்கு 14 வயதிருக்கும்போது நாங்கள் வேறொரு மாநிலத்து ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அங்கிருந்த ஊழியர் மன்றத்து நூல்நிலையத்தில் தமிழ் நூல்கள் ஓர் அலமாரி இருந்தன. ஒரு நாள் மாலை துணிந்து போய் ஒரு நாவல் கேட்டேன். பொறுப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, ‘உனக்கு எதுக்குடா நாவல்?’ என்று சொல்லி, சிங்கமும் முயலும் வரும் படக்கதை ஒன்றை எடுத்துக் கையில் திணித்தார். மீசை அரும்பத் தொடங்கிய எனக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கவே வெட்கமாயிருந்தது. பக்கத்து வீட்டில் கூட்ஸ் வண்டிக் கார்டு ஒருவர் குடியிருந்தார். ‘கார்டு மாமா’ என்று அழைப்போம். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு, தம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நூலை எடுத்தார். ‘இதுல ஒரு சிவனடியார் வருவார். அவர் யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்லு பார்க்கலாம்’ என்றார். அவ்வளவே. இரண்டு நாட்கள் யான் சோறு தண்ணீரை மறந்தேன். பின்னாளில் எத்தனையோ அறிஞர்கள் எழுதிய நூல் மதிப்புரைகளைப் படித்திருக்கிறேன்; கார்டு மாமாவின் அந்த ஒரு வாக்கியத்திற்கு ஈடான மதிப்புரையை யான் கண்டதில்லை.

அவர் அந்நூலைப் படித்திருந்தார்; அதனால் அவ்வாக்கியம் அவர் வாயில் வந்தது. நம் நூறு நூல்களின் பட்டியலைத் தயாரித்த செயற்குழுவில் யானும் ஒருவன். அவற்றுள் யான் படித்தவை எத்தனை என்று வீட்டில் உட்கார்ந்து குறியிட்டுப் பார்த்தேன். 31. மற்ற அன்பர்களைக் கேட்டபோது அவர்களும் கூச்சத்தோடு ஏறக்குறைய அதையே சொன்னார்கள். 18 நூல்களை எங்களுள் எவருமே படித்திருக்கவில்லை! பெயர் நன்றாயிருக்கிறது, ஆசிரியர் பெரியவர், ஆகவே பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதிவிட்டோம்.

நம் பிள்ளைகளின் நிலை இன்னொரு வகையிலும் கடினமானது. பால்டிமோர்ப் பிள்ளைக்குத் தன் மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய இடர் இல்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் குஜராத்தியும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழை வீட்டில் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்தைக் கற்றிருக்கிறார்கள். 15 வயதுப் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு எட்டு வயதுக்குரியதாய் இருக்கிறது. படிக்க எளிதான நூலைக் கொடுத்தால் சிங்கமும் முயலும் வருகின்றன. மனத்துக்கேற்ற நூலைக் கொடுத்தால் ஏழாம் பக்கத்தில் மூச்சு முட்டுகிறது. 1875-இல் கவ்லாணாவிலிருந்து வந்த அந்தச் சிறுவன் நின்ற இடத்திலேயே நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அவனுக்கு அரண்மனையும் ஆசிரியரும் மாதவராவும் இருந்தனர். நம் பிள்ளைகளுக்குச் சங்கத்து அலமாரியும் நாமும் இருக்கிறோம்.

ஆகவே, வரும் கோடைக்குச் செயற்குழு வேறு வகையான ஏற்பாட்டுக்கு இசைந்திருக்கிறது. அச்சிட்ட பட்டியல் இல்லை. ஆளுக்கு நான்கு நூல்களாக ஏழு அன்பர்கள் பொறுப்பேற்றிருக்கிறோம். நம் மகளிர் அணியினர் மூவரும் அவர்களுள் அடங்குவர். அவரவர் நூல்களை அவரவர் முழுதும் படித்திருக்க வேண்டும். ஆக மொத்தம் 28 நூல்கள், ஒரு மரப்பெட்டியில். நம் தச்சு அன்பர் ஒருவர் கைப்பிடியும் பூட்டும் வைத்து அதைச் செய்து கொடுத்துவிட்டார். எடை 14 கிலோ. பார்சல் அலுவலகத்துப் பழக்கத்தால் நிறுத்துப் பார்த்தேன். அலமாரி இருக்கும் இடத்திற்குப் பிள்ளைகள் வருவதற்கு மாறாக, ஞாயிறு மாலையில் பெட்டி ஒரு குடியிருப்பின் மாடிக்குச் செல்லும். அடுத்த ஞாயிறு மற்றொன்றுக்கு. நூலைக் கொடுப்பதற்கு முன், முதல் பத்துப் பக்கங்களைப் பொறுப்பாளரே உரக்கப் படிப்பார். ஏழாம் பக்கத்து மேட்டை அவ்வாறு கூடவே கைபிடித்துக் கடந்துவிட்டால் பின்பு சமதரை இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை.

என் பங்கு நான்கு நூல்கள் இவை. முதலாவது, ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’. 1940-இல் வெளிவந்தது. வாக்கியங்கள் சிறியவை. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் ஒரு மாலையில் ஒரு நாட்டைச் சுற்றிவிடலாம். இரண்டாவது, சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. ஜல்லிக்கட்டைப் பற்றியது, ஒரே மூச்சில் படிக்கும் அளவு சிறியது. ஆயினும் மதுரைப் பக்கத்துப் பேச்சு நம் பிள்ளைகளுக்குக் கல்லாய் இருக்கும். அதை யானே முழுவதும் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். மூன்றாவது, அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1977-இல் நூலாயிற்று. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன், கிரிக்கெட் ஆடிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் ஒரு தமிழ்ப் பையன், 1947, 1948-ஆம் ஆண்டுகளில் நிஜாம் சமஸ்தானத்துக் கொந்தளிப்புக்கு நடுவே என்ன கண்டான் என்பதுதான் கதை. அயல் மாநிலத்து ரயில்வே குடியிருப்பில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் யாரும் எழுதவில்லை என்று எண்ணுவோர் இதைப் படித்துப் பார்க்கட்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே இதைக் கொடுப்பதாக உத்தேசம். நான்காவது எது என்று அன்பர்கள் ஊகித்திருப்பீர்கள்.

அந்த நான்காவது நூல் இப்போது பெட்டியில் இல்லை. கோடை வரட்டும் என்று காத்திராமல், எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒருவன் சென்ற மாதமே வாங்கிச் சென்றான். 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. சிவனடியாரைப் பற்றிக் கார்டு மாமா சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன். முதல் வாரம் ஒரு செய்தியும் இல்லை. இரண்டாம் வாரம் அவன் தாயார், ‘அண்ணா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறான், எனக்கே தெரியல’ என்று கைப்பேசியில் கேட்டார். நேற்று முன்தினம் யான் இரவுப் பணிக்குப் புறப்படும்போது, படிக்கட்டில் என்னை மறித்து நின்று, ‘மாமா, சிவனடியார் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு’ என்று காதில் ஒரு பெயரைச் சொன்னான்.

அவன் சொன்ன பெயர் தவறு. யான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், ‘எத்தனாவது பக்கத்தில் இருக்கிறாய்?’ என்று கேட்டேன். 112 என்றான்.